நனையும் கேமரா, நனையாத கேமரா

'சென்னைக்கு மிக அருகில்' என்று மனை விற்பவர்களுக்கும் கேமரா விற்பவர்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. முன்னவர்கள் காட்டும் வண்ணப்படத்தில் திண்டிவனத்துக்குப் பின்னாலேயே மெரினா அலை அடிக்கும். பின்னவர்கள் காட்டும் படத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் கேமராவை அருவிக்கு அடியில் நீட்டிப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். வீடு கட்டிக் குடியேறிய பிறகுதான் தாம்பரத்துக்கே இரண்டு மணி நேரம் என்பது தெரியும். கேமரா விஷயத்தில் உண்மை தெரிய ஒரு மழைக்காலம் ஆகும்.

என் அக்கா பையன் திண்டிவனத்தில் இருக்கிறான். ஒரு நிதி நிறுவனத்தில் வசூல் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பனின் பைக்கில் தொற்றிக்கொண்டு கழுவேலிக்குப் பறவை பார்க்கப் போவான். மரக்காணம் பக்கம் கடலோடு தொடுப்பு உள்ள உப்பங்கழி ஏரி அது. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். சேறு முழங்கால் வரைக்கும். 'வேலைய விட்டுட்டு போட்டோ எடுக்கப் போறேன்' என்று ஒருநாள் சொல்லிவிடுவானோ என்பது என் அக்காவின் நிரந்தரக் கவலை. ஆனாலும் சீட்டு எடுத்த பணத்தில் அறுபதாயிரத்தை அவன் கையில் கொடுத்து, "மாமாவ ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்கு" என்று சொல்லிவிட்டாள். பத்திரிகையில் வேலை பார்ப்பவனுக்கு கேமரா தெரியும் என்பது எங்கள் குடும்பத்தின் நம்பிக்கை. நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு என்று கோடு போடத்தான் வரும்.

அவன் முன்னால் இரண்டு சரக்கு இருந்தது.

ஒன்று, விழுப்புரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒருவர் விற்க இருந்த நிக்கான் டி7200. 2015-ல் வந்த மாடல். இரண்டு லென்ஸோடு ஐம்பத்தைந்தாயிரம். இன்னொன்று, சிங்கப்பூரிலிருந்து வரும் உறவுக்காரர் வாங்கி வரத் தயாராக இருந்த ஓ.எம். சிஸ்டம் டி.ஜி.-7. ஒலிம்பஸ் என்ற பெயரில் நமக்குத் தெரிந்திருந்த கம்பெனியின் கேமராப் பிரிவுதான் இப்போது ஓ.எம். சிஸ்டம். 2023-ல் வந்தது. அமெரிக்காவில் அறிமுக விலை 550 டாலர். 15 மீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கலாம், 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழலாம், நூறு கிலோ எடையைத் தாங்கும், மைனஸ் 10 டிகிரி குளிரிலும் இயங்கும் என்கிறார்கள். (கடைசி விஷயத்தால் திண்டிவனத்துக்காரனுக்கு என்ன பிரயோஜனம் என்று தெரியவில்லை.) சட்டைப் பைக்குள் அடங்கும்.

"எது மாமா வாங்கலாம்?"

தண்ணீருக்குப் பயப்படாத கேமரா புதுச் சங்கதி இல்லை. கடலுக்கடியில் படம் எடுத்த ஜாக் கூஸ்தோவுக்காக உருவான 'கலிப்ஸோ' என்ற கேமராவை 1963-ல் நிக்கான் கம்பெனி 'நிக்கானோஸ்' என்ற பெயரில் கொண்டுவந்தது. எனக்கு அதைவிடப் பிடித்தது 1988-ல் ஜப்பானில் கோனிகா போட்ட கேமரா. கட்டடம் கட்டும் இடத்தில் தூசு, மழை, சிமென்ட், கைதவறல் எல்லாவற்றுக்கும் ஈடு கொடுக்கச் செய்தது. அதன் ஜப்பானியப் பெயர் 'கெம்பா கான்தொகு'. கட்டட வேலையை மேற்பார்வை பார்க்கிறவர் என்று அர்த்தம். நம் பாஷையில் மேஸ்திரி கேமரா. டிஜிட்டல் வந்த பிறகு 2006-ல் ஒலிம்பஸ், விழுந்தாலும் நனைந்தாலும் பரவாயில்லை என்று ஒன்றைப் போட்டது. டி.ஜி. வரிசை அந்தப் பரம்பரை.

இந்த மேஸ்திரியின் பலவீனம் அவருடைய கண். கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும் சென்சார் என்ற சில்லு, டி7200-ல் சுமார் 370 சதுர மில்லிமீட்டர். சின்ன கேமராவில் ஏறக்குறைய 28. பதின்மூன்றில் ஒரு பங்கு. மழை பெய்யும்போது வாசலில் அண்டாவையும் டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எதில் எவ்வளவு நிற்கும் என்று. வெளிச்சமும் அப்படித்தான். நல்ல வெயிலில் இரண்டும் நிரம்பிவிடும், வித்தியாசம் தெரியாது. மேகம் கவிந்த சாயங்காலத்தில் டம்ளரில் அடி நனையும் அளவுக்குத்தான் விழும். படத்தில் அரிசி மாவு தூவிய மாதிரி புள்ளிகள் வரும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மழையில் நனைவதற்கென்றே செய்த கேமராவுக்கு மழைநாள் வெளிச்சம் ஆகாது.

இன்னொரு குறை, தூரம். சின்ன கேமராவின் லென்ஸ் 25-லிருந்து 100 மில்லிமீட்டர் வரைக்கும்தான். கழுவேலியில் நடு ஏரியில் நிற்கும் பூநாரை அதில் ஒரு ரோஸ் நிற மிளகாய் விதை மாதிரி தெரியும். பறவைக்காரர்கள் 400, 600 என்று பீரங்கி தூக்குவது சும்மா இல்லை. டி7200-ஓடு வரும் 70-300 லென்ஸ், பழைய பிலிம் கேமராக் கணக்கில் 450 வரை போகும்.

அப்படியானால் யோசிக்க என்ன இருக்கிறது, பெரியதை வாங்க வேண்டியதுதானே என்பீர்கள். நானும் அப்படியே சொல்லியிருப்பேன், 2024 டிசம்பரை மட்டும் பார்க்காமல் இருந்திருந்தால்.

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்ததும் நகர்ந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. விருந்துக்கு வந்த இடத்தில் பாய் விரித்துப் படுத்துவிட்ட உறவினர் மாதிரி மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதில் ஏறக்குறைய பாதி. போதாததற்கு டிசம்பர் 2 விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் 1.68 லட்சம் கனஅடி வரை திறக்க வேண்டி வந்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலான ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் தென்மாவட்ட ரயில்கள் நின்றன. அரசூரில் திருச்சி நெடுஞ்சாலையின் மேலேயே ஆறு ஓடியது.

நானும் எங்கள் போட்டோகிராபரும் சென்னையிலிருந்து காரில் போயிருந்தோம். அவர் கையில் பெரிய டி.எஸ்.எல்.ஆர். நான் புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் போகும் நண்பர் ஒருவரிடம் சின்ன டி.ஜி. கேமராவை இரவல் வாங்கிச் சட்டைப் பையில் போட்டிருந்தேன். எழுதுகிறவனுக்குக் குறிப்பு எடுக்க அது போதும்.

நெடுஞ்சாலை ஓரம் இறங்கியதும் முதலில் நடந்தது என்ன தெரியுமா? அவருடைய லென்ஸ் முழுக்க வெள்ளையாகிவிட்டது. ஏ.சி. காரிலிருந்து ஈரக்காற்றுக்கு வந்தால் கண்ணாடி வியர்க்கும். துடைத்தாலும் மறுபடி வியர்க்கும். லென்ஸ் வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும் வரைக்கும் காத்திருப்பதைத் தவிர வழி இல்லை. பத்து நிமிஷம் அவர் கேமராவைக் குழந்தை மாதிரி சட்டைக்குள் அணைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் மேலே ஷவர் கேப் ஒன்றை மாட்டி, அதற்கு மேல் ஜவுளிக்கடை கேரி பேக், அதற்கு மேல் ரப்பர் பேண்டு. விலை உயர்ந்த கேமராக்களில் மூட்டுக்கு மூட்டு ரப்பர் வைத்து 'வெதர் சீலிங்' செய்திருப்பார்கள். அது தூறலுக்குச் சரி, முழுகுவதற்கு ஆகாது. உடம்பு மட்டும் சீல் பண்ணியிருந்தால் போதாது, மாட்டுகிற லென்ஸும் அப்படியே இருக்க வேண்டும். தூறலில் லென்ஸைக் கழற்றி மாட்ட முடியாது. அதனால் காரிலேயே 70-300-ஐ மாட்டிக்கொண்டு இறங்கியவர் அன்று முழுக்க அதோடுதான் குடித்தனம் நடத்த வேண்டும்.

சாலையின் மேட்டில் நின்று அவர் எடுத்த படம் ஒன்று எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. மார்பளவுத் தண்ணீரில் ஒரு பெரியவர், தோளில் ஆட்டுக்குட்டி. ஆட்டின் முகமும் அவர் முகமும் ஒரே திசையில் பார்க்கின்றன. முந்நூறு மில்லிமீட்டரில், அந்தச் சாம்பல் வெளிச்சத்தில், ஆட்டின் மீசை முடி வரைக்கும் தெரிந்தது. முதல் பக்கத்தில் நாலு காலத்துக்குப் போட்டார்கள். போட வேண்டிய படம்தான்.

நான் கீழே ஊருக்குள் இறங்கினேன். இடுப்பளவுக்குக் கொஞ்சம் குறைவான தண்ணீர். பையில் இருந்த கேமராவைப் பற்றி யோசிக்கவே இல்லை. அதுதான் அதன் பெரிய வசதி. கேமராவுக்குப் பயப்பட வேண்டாம் என்றால் இரண்டு கையும் சும்மா இருக்கும். இரண்டு கையும் சும்மா இருக்கிற ஆம்பளையை வெள்ளத்தில் யாரும் சும்மா விடமாட்டார்கள். "அண்ணா, இந்தக் கட்டில அந்தாண்ட புடிங்க" என்றார்கள். பிடித்தேன். கட்டில், அப்புறம் ஒரு தையல் மிஷின், அப்புறம் ஒரு கேஸ் சிலிண்டர்.

அந்தத் தெருவின் கோடியில் ஒரு சின்ன மளிகைக்கடை. கடைக்கார அம்மா திண்ணை மேல் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மடியில் ஒரு நீள நோட்டை வைத்துக்கொண்டு பக்கத்தைப் பிரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊறி உப்பி ஒன்றோடு ஒன்று ஒட்டிய பக்கங்கள். கடன் நோட்டு.

"அரிசி மூட்ட போனது போவட்டும் சார். இது போச்சுன்னா எனக்கு யார் யார் எவ்ளோ தரணும்னு எதுவுமே இல்ல. நாப்பதாயிரத்துக்கு மேல இருக்கும்."

பி.காம். முதல் வருஷத்தில் 'சண்ட்ரி டெட்டார்ஸ்' என்று ஒரு வரி எழுதி, ஐந்து சதவீதம் வாராக்கடன் ஒதுக்கிவிட்டு அடுத்த கணக்குக்குப் போவோம். அந்த வரி ஈரமாக, மஞ்சள் நிறத்தில், மண்ணெண்ணெய் வாடையோடு என் முன்னால் இருந்தது. அவர் பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய பக்கங்கள் தப்பித்திருந்தன. மகன் ஜெல் பேனாவில் எழுதிய பக்கங்களில் நீலம் கரைந்து ஓட ஆரம்பித்திருந்தது. காய்ந்தால் பக்கங்கள் பாறை மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போதே பிரிக்க வேண்டும், பிரித்ததும் பதிவு செய்ய வேண்டும்.

அவருடைய போன் தண்ணீரில் போய்விட்டது. என்னுடைய போன் நனைந்தாலும் தாங்கும் ரகம்தான். ஆனால் ஈர விரலால் தொட்டால் தொடுதிரை தானாக எங்கெங்கோ ஓடியது. துடைக்க உலர்ந்த துணி என்று ஒன்று என் உடம்பிலோ அந்தத் தெருவிலோ இல்லை. சின்ன கேமராவில் பட்டன்கள் இருக்கின்றன. அமுக்கினால் அமுங்கும். ஒரு சென்டிமீட்டர் கிட்டே வரைக்கும் போய் எடுக்கலாம். வெளிச்சம் குறைவுதான். ஆனால் நோட்டு நகராது, ஆடாது. கேமராவைக் கதவில் சாய்த்து நிதானமாக எடுக்கலாம். அவர் பிரிக்கப் பிரிக்க நான் எடுத்தேன். முப்பத்தெட்டு பக்கம். நடுவில் ஒரு தடவை கேமரா கைதவறித் தண்ணீரில் விழுந்தது. எடுத்து உதறிவிட்டுத் தொடர்ந்தேன். 'ஏழாவது தெரு மேஸ்திரி 1,240', 'ஸ்கூல் ஆயா 310' என்று பெயர் பெயராக. இரண்டு நாள் கழித்து அவர் மகனின் நம்பருக்கு எல்லாவற்றையும் அனுப்பினேன். எவ்வளவு வசூலானது என்று நான் கேட்கவில்லை. ஊரே முழுகிக் கிடந்த வாரத்தில் அதைக் கேட்பது நாகரிகமாகவும் படவில்லை.

சாலைக்குத் திரும்பினால் எங்கள் போட்டோகிராபரைச் சுற்றி இருபது பேர் நின்றார்கள்.

"சார், எங்க தெருவ எழுதவே இல்ல சார்."

"சார், மூணு மாடு. மூணும் போச்சு. போட்டோ புடிச்சிக்கங்க."

ஒருவர் மனுவே எழுதி எடுத்து வந்திருந்தார். பெரிய கேமராவைக் கண்டால் ஜனங்கள் அதை அரசாங்கத்தின் ஓர் உறுப்பாகவே பார்க்கிறார்கள். நிவாரணம் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் வரும் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில் முழுக்கத் தப்பும் இல்லை. அதே வாரம் அரசு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாயும், இறந்த மாட்டுக்கு 37,500 ரூபாயும் அறிவித்தது. எது பேப்பரில் வருகிறதோ அதைத்தான் கோட்டை பார்க்கிறது என்பது ஜனங்கள் அனுபவத்தில் கண்டது. எங்கள் போட்டோகிராபர் செத்த மாடுகளைப் போய் எடுத்தார். அந்தப் படங்கள் பிரசுரமாகாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எடுக்காமல் நகர முடியாது. அந்தக் கருப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு ஊருக்குள் நுழைந்தாலே ஒரு வாக்குறுதி கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. என் சட்டைப் பையில் இருந்ததைப் பார்த்து யாரும் ஒரு மனுவும் கொடுக்கவில்லை. கட்டிலைத்தான் பிடிக்கச் சொன்னார்கள்.

இதையெல்லாம் அக்கா பையனுக்கு போனில் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ சின்னதுதான் வாங்கணுமா மாமா?" என்றான்.

இல்லை. கணக்கு வேறு.

விழுப்புரம் ஸ்டூடியோக்காரரைப் போய்ப் பார்த்தோம். ஜங்ஷனிலிருந்து நடந்துபோகும் தூரம். அவர் ஏன் விற்கிறார் என்பதற்குக் கேமரா காரணமில்லை. "மெஷின் நல்லாத்தான் ஓடுதுண்ணா. மாப்ள வீட்டுக்காரங்கதான் மிரர்லெஸ் இருக்கானு கேட்டுனே போன் பண்றாங்க." அவர் சொன்னது ஊர் நிலவரம். உலக நிலவரமும் அதுதான். கேனான் தன் உயர்ரக டி.எஸ்.எல்.ஆர். வரிசையில் 1டி எக்ஸ் மார்க் 3-தான் கடைசி என்று 2021-லேயே சொல்லிவிட்டது. நிக்கானின் உயர்ரகத்தில் 2020-ல் வந்த டி6-க்குப் பிறகு வாரிசு இல்லை. உள்ளே கண்ணாடி மடங்கி எழும் அந்தத் தொழில்நுட்பம் ஓய்வு பெறுகிறது. வாங்குகிறவனுக்கு இது நல்ல காலம். தேய்மானம் முழுவதையும் முதல் சொந்தக்காரர் தலையில் எழுதியாகிவிட்டது. படத்தின் தரம் தேயவில்லை. புத்தக மதிப்புக்கும் பயன் மதிப்புக்கும் இவ்வளவு இடைவெளி உள்ள சொத்து அபூர்வம்.

அடுத்தது, வருமானம். சீட்டுப் பணத்துக்கு அக்கா மாதா மாதம் கட்ட வேண்டும். திண்டிவனத்தில் முகூர்த்த நாளில் ஒரு கல்யாணத்துக்கு இரண்டாவது போட்டோகிராபராகப் போனால் ஏதோ கிடைக்கும். அங்கே சட்டைப் பையிலிருந்து சின்னதை எடுத்து நீட்டினால் தாலி கட்டும் நேரத்தில் யாரும் வழிவிட மாட்டார்கள். பெரியதைக் கண்டால் பெண்ணின் தாய்மாமனே ஒதுங்கி நிற்பார். வெள்ளத்தில் எந்த உருவம் ஜனங்களிடம் மனு வாங்கியதோ அதே உருவம் கல்யாணத்தில் இடம் வாங்கித் தரும்.

சின்ன கேமராவையும் அப்படியே விட்டுவிட முடியாது என்பதையும் சொன்னேன். பேட்டரிக் கதவின் ரப்பர் வளையத்தில் ஒரு மணல், ஒரு தலைமுடி சிக்கினாலும் தண்ணீர் உள்ளே போகும். வருஷத்துக்கு ஒருதரம் அதை மாற்றச் சொல்கிறார்கள். உப்புத்தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். கழுவேலிச் சேற்றில் முழங்கால் வரை போகிறவன் இதையெல்லாம் தினம் பார்க்க வேண்டும்.

பெரியதற்கு எதிரி வேறு. நம் ஊரில் டி.எஸ்.எல்.ஆர்.களை வெள்ளம் கொல்வதைவிடப் பூஞ்சை கொல்வது அதிகம். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் பையிலேயே மூடி வைத்தால் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி வெள்ளையாகப் படரும். 'அரிசி டிரம்மில் போட்டு வை' என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம், தவிட்டுத் தூசு உள்ளே போகும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பை நாலு போட்டு வைத்தால் போதும். அதைவிட நல்லது வாரா வாரம் வெளியே எடுத்து வெளிச்சத்தில் படம் எடுப்பது.

"மழ வந்தா?" என்றான்.

மழை வந்தால் கனமான பிளாஸ்டிக் பை ஒன்று, லென்ஸ் முனைக்கு ஓட்டை, ரப்பர் பேண்டு. காருக்குள் ஏ.சி. வேண்டாம். வெள்ளம் வந்தால் கேமராவை வீட்டில் வைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு போ என்றேன். அவன் அதை எழுதிக்கொள்ளவில்லை.

டி7200-ஐ ஐம்பத்திரண்டாயிரத்துக்கு முடித்தோம். மிச்சத்தில் ஒரு மெமரி கார்டு, ஒரு பை. சிங்கப்பூர் உறவினரிடம் சின்னது வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. அவர் பதிலுக்கு எல்லாருக்கும் தைலம் வாங்கி வந்தார்.

போன வாரம் பையன் போன் பண்ணினான். முதல் வேலை கிடைத்துவிட்டதாம். ஒலக்கூர் பக்கம் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. முன்பணம் இரண்டாயிரம் வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டானாம். குரலில் சந்தோஷம்தான், ஆனால் கடைசியில் கொஞ்சம் இழுத்தான்.

"மாமா... மொறப் பசங்க குடம் குடமா மஞ்சத்தண்ணி ஊத்துவானுங்களே. கிட்டப் போய் எடுக்கலாமா, தூரமா நின்னே எடுக்கட்டா?"